ரசமட்டம் பார்த்துக் கட்டிய பைக் சீட்

மூளை குறைந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாலு பேர் ஒரே ஊரில் பிறந்து, ஒரே தொழிலுக்குப் போய், ஒரே சாந்துச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு வாழ்வதுதான் அபூர்வம். அந்தப் பாக்கியம் அறந்தாங்கிப் பக்கத்தில் கீழத்தேத்தாங்குடி என்ற ஊருக்குக் கிடைத்திருந்தது.

நாலு பேரும் கொத்து வேலைக்காரர்கள். தலைவர் அடைக்கலம் மேஸ்திரி. கையில் ரசமட்டம் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ரசமட்டம் தெரியுமல்லவா? தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அந்தக் கட்டை. மேஸ்திரி வீட்டில் சோற்றுத் தட்டுக்குக்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பார். அவர் மனைவி இதைச் சொல்லி அழுததை நானே கேட்டிருக்கிறேன்.

அவருக்குக் கீழே குப்பமுத்து, ரெங்கு, திருமேனி என்று மூன்று பேர். இந்தக் கதையில் கஷ்டப்படப் போகிறவன் திருமேனி. அதற்காக நீங்கள் இரக்கப்பட வேண்டாம். மற்ற மூன்று பேருக்கும் அவன் எந்த விதத்திலும் சளைத்தவன் இல்லை.

திருமேனிக்கு வயது முப்பத்தாறு. பெண் அமையவில்லை. போன சித்திரையில் மானாமதுரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கத் தன் மோட்டார் பைக்கிலேயே போனான். பைக் பழசு. சீட்டில் இருந்த பஞ்சு எப்போதோ செத்துப்போய், ரெக்ஸின் தோலுக்குக் கீழே நேராகத் தகரம்தான். நூறு கிலோமீட்டர் அதில் உட்கார்ந்து போய் இறங்கியவனை வீட்டுக்காரர்கள் "உக்காருங்க" என்றார்கள். "இருக்கட்டும்" என்றான். காப்பியை நின்றுகொண்டே குடித்தான். பஜ்ஜியை நின்றுகொண்டே தின்றான். பெண் பாடிய பாட்டையும் நின்றுகொண்டே கேட்டான். அந்த வீட்டு மாமா ஒருவர் இதையெல்லாம் கவனித்து, மாப்பிள்ளைக்கு மூலம் என்று முடிவு கட்டிவிட்டார்.

நல்ல சேதி நாலு நாள் எடுக்கும்; இந்தச் சேதி மறுநாளே மூன்று மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஜாதகம் கொடுத்திருந்த வீடுகள் எல்லாம் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போயின.

இந்த நிலையில்தான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் கோமதி. அவளுக்குத் திருமேனியின் போட்டோ பிடித்திருந்தது. திருமேனிக்கோ அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து சாந்து குழைக்கக் கை ஓடவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் படத்தின் மூலையில் சிமெண்ட் தெறித்துவிட்டது என்று அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை. இவள் கிடைக்காவிட்டால் தனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வேறு யாரும் வரவும் இல்லை என்பது வேறு விஷயம்.

பெண்ணின் அப்பா சுடலைமுத்துவுக்கும் அந்த மூலச் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அவர் தரகரிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வரட்டும். பைக்குலயே வரட்டும். வந்து என் முன்னால அரை மணி நேரம் அசையாம உக்காரணும். உக்காந்துட்டாம்னா பொண்ணு அவனுக்கு. நெளிஞ்சாம்னா வந்த வழியப் பாத்துப் போகட்டும்."

கீழத்தேத்தாங்குடிக்கும் அந்த ஊருக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

நாலு பேரும் அறந்தாங்கியில் சீட் கவர் தைக்கிற ஜமால் பாயிடம் போனார்கள். பாய் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலையாக இருந்தார். வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆணிகளைத் துப்பிக் கையில் வாங்கிக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார்.

"உக்கார்றவரு உடம்பு அளவுக்குச் சீட்டு இருக்கணும். அது மொதல். சீட்டு சமமா இருக்கணும், ஒரு பக்கம் சரிஞ்சா இடுப்பு போயிரும். மெத்துன்னு இருக்கணும். அப்புறம் எவ்வளவு நல்ல சீட்டா இருந்தாலும், அம்பது கிலோமீட்டருக்கு ஒரு வாட்டி எறங்கி நடக்கணும். வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலத்துக்குள்ள ரெடி பண்ணித் தர்றேன்."

மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாய், நாங்க ஆஸ்பத்திரி கட்டியிருக்கோம். தண்ணி டேங்க் கட்டியிருக்கோம். ஒரு சீட்டுக்கு வெளி ஆளக் கூப்புட்டோம்னா நாளைக்கு எவன் எங்களுக்கு வேலை குடுப்பான்?"

பாய் ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். அந்த நாலு பேரும் சந்தித்தவர்களிலேயே புத்திசாலியான முடிவை எடுத்தவர் அவர்தான்.

ஊருக்கு வந்ததும் வேலை ஆரம்பமானது. பழைய சீட்டைக் கழற்றி எறிந்தார்கள். பைக்கைச் சைடு ஸ்டாண்டு போட்டு மேஸ்திரி வீட்டு வாசலில் நிறுத்தி, சீட் இருந்த இடத்தில் கம்பி கட்டி, நாலு பக்கமும் பலகை அடித்தார்கள். ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். இவர்களுக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் அதைக் கான்கிரீட்டில் வார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறது என்பதே தெரியாது.

"உடம்பு அளவுக்கு இருக்கணும்னா, பச்சைச் சாந்துல ஆள உக்கார வச்சு அச்சு எடுத்துட வேண்டியதுதான்" என்றார் மேஸ்திரி.

குப்பமுத்து ஒரு சந்தேகம் கிளப்பினான். "அண்ணே, சாப்புடுறதுக்கு முந்தி அச்சு எடுக்குறதா, சாப்புட்ட பெறகா? சாப்புட்டா உடம்பு கனம் கூடுமே."

"ரோட்டுல போகும்போது பசிச்சா உடம்பு சுருங்குமே" என்றான் ரெங்கு.

இதை ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் திருமேனிக்குச் சரியாக அரை வயிறு சோறு போட்டு உட்கார வைப்பது என்று முடிவானது. எது அரை வயிறு என்பதில் மறுபடி தகராறு. அதற்குள் திருமேனி முழு வயிறும் தின்றுவிட்டான்.

அடுத்தது மெத்தென்று இருக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது?

"இது ஒரு கேள்வியாடா?" என்று மேஸ்திரி சிரித்தார். "கெட்டியா வேணும்னா சிமெண்டக் கூட்டு. மெத்துன்னு வேணும்னா சிமெண்டக் குறைச்சு மணலக் கூட்டு. ஒண்ணுக்குப் பன்னெண்டு போடு. பஞ்சு மாதிரி நிக்கும்."

ஒரு சட்டி சிமெண்டுக்குப் பன்னிரண்டு சட்டி மணல் போட்டுக் குழைத்தார்கள். அந்தக் கலவையில் கோழிக்கூண்டுகூடக் கட்ட முடியாது. பிட்டு மாதிரி உதிர்ந்தது. அதைப் பலகைக்குள் கொட்டித் திருமேனியை மேலே ஏற்றி அமுக்கினார்கள். காலையில் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை அசையவில்லை. இறங்கியபோது அவனுடைய அச்சு அச்சாகவே பதிந்திருந்தது. மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, இங்கே கொஞ்சம் சுரண்டி அங்கே கொஞ்சம் பூசி, குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி ஏழு நாள் இரண்டு வேளையும் தண்ணீர் விட்டார்கள். பைக் சீட்டுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்க ஊரே வந்து போனது.

புதன்கிழமை காலையில் கிளம்பினார்கள். திருமேனி தன் பைக்கில். மற்ற மூன்று பேரும் ரெங்குவின் பைக்கில். திருமேனி ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியை நேராக நிமிர்த்தினான். உடனே வலது பக்கமாக வழுக்கிக் கீழே விழுந்தான்.

ஏறினான். மறுபடி வலது பக்கம் விழுந்தான். மூன்றாம் முறையும் அப்படியே.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. சைடு ஸ்டாண்டு போட்ட பைக் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்ந்து நின்ற பைக்கின் மேல் ரசமட்டம் வைத்துச் சமமாகச் சீட் கட்டியிருந்தார்கள். பைக் நிமிர்ந்தால் சீட் சாயாமல் என்ன செய்யும்? ஆனால் இதை மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள்.

அவர் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. "சீட்டுல தப்பில்லை. நான் பாத்துப் பாத்து வச்ச மட்டம். வண்டியத்தான் நீ கோணலா நிமித்துற. நின்னப்ப எப்புடி நின்னுச்சோ அப்புடியே வச்சு ஓட்டு."

திருமேனி இடது பக்கம் சாய்த்து வைத்து ஓட்டினான். பைக் இடது பக்கமாகவே வளைந்து வளைந்து போய் ஊர்க் கண்மாயை நோக்கித் திரும்பியது. கண்மாய்க்கு முன்னால் இருந்த களத்தை நாலு தடவை சுற்றினான். களத்தில் நெல் காயவைத்திருந்தவர்கள் கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"வலது பக்கம் பாரம் கட்டினா சரியாப் போயிரும்" என்றான் குப்பமுத்து. ஒரு மூட்டை மணலை வலது பக்கம் தொங்கவிட்டார்கள். பைக் இடது பக்கம் சாய்ந்தபடியே நேராக ஓடியது. அது ஓடியதில் எனக்கே ஆச்சரியம்தான். முட்டாள்தனத்தின் மேல் முட்டாள்தனத்தை வைத்தால் சில சமயம் இப்படி நேராகிவிடுகிறது. எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம், இவன் விழப் போகிறான் என்று வழிநெடுக ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

ஐம்பதாவது கிலோமீட்டர் வந்தது. நாலு பேரும் இறங்கி நடந்தார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு ரெங்கு திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, வண்டிக அங்கயே நிக்கிதே!"

திரும்பி நடந்து வண்டிகளிடம் வந்தார்கள். திருமேனி ஏறப் போனான். மேஸ்திரி கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இப்ப நடந்தது எதுக்கு நடந்தோம்?"

"வண்டி எடுக்கண்ணே."

"முன்னால நடந்தது?"

"பாய் சொன்னதுக்காக."

"முன்னால ஒரு கிலோமீட்டர் போனோம். அதத் திரும்பி வந்து அழிச்சுட்டோம். இப்ப கணக்குல நாம நடக்கவே இல்லை. நின்ன எடத்துலயேதான் நிக்கிறோம்."

மூன்று பேரும் யோசித்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மறுபடி முன்னால் நடந்தார்கள். மறுபடி வண்டி பின்னால் நின்றது. மறுபடி திரும்பினார்கள். இப்படியே மத்தியானம்வரை அந்த ஒரு கிலோமீட்டர் ரோட்டைத் தேய்த்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டாவது தடவை பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏன்யா, நடக்கணும்னா வண்டியத் தள்ளிக்கிட்டு நடக்க வேண்டியதுதானே?"

நாலு பேரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

அதன் பிறகு வேறொரு தகராறு வந்தது. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பாய் சொல்லவில்லையே! "சொல்லலைன்னா, ஓட்டுன தூரம்தான் நடக்குற தூரம்" என்று ரெங்கு தீர்ப்புச் சொன்னான். ஆகவே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினார்கள், ராப்பகலாக ஐம்பது கிலோமீட்டர் தள்ளினார்கள். கான்கிரீட் சீட்டும் மணல் மூட்டையும் உள்ள பைக்கைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். திருமேனிக்கு இரண்டு கால் பாதமும் கொப்பளித்துவிட்டன. முன்பு உட்கார முடியாதவனாக இருந்தவன், இப்போது நிற்கவும் முடியாதவன் ஆனான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோமதியின் தெருமுனைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு வேகத்தடை. திருமேனி அதில் ஏறி இறங்கினான். ஒண்ணுக்குப் பன்னிரண்டு கலந்த சீட் வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது. இங்கே மேல்பாதி மொத்தமாகச் சரிந்து ரோட்டில் கொட்டியது. கம்பியும் அடித்தளமும்தான் மிச்சம்.

திருமேனி ரோட்டிலேயே அழுதுவிட்டான். "போச்சுண்ணே. மூல வியாதிக்காரன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாங்க. இனிமே எனக்கு ஒரு வாழ்க்கையும் இல்லை."

அந்த வீட்டில் நாற்காலி இருக்கும், கோரைப்பாய் இருக்கும், வெறும் தரை இருக்கும். அரை மணி நேரம் உட்காருவதற்கு அதில் எது போதாது? இந்தக் கேள்வி நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அழாதடா" என்றார் மேஸ்திரி. "மணல் கூடிப்போச்சு. அதான் தப்பு. இப்ப மணலே வேணாம்." பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு சட்டி சிமெண்ட் கேட்டு வாங்கினார். தண்ணீர் ஊற்றிக் குழைத்து, சீக்கிரம் இறுகுவதற்கு என்று அங்கே வைத்திருந்த மருந்தையும் ஊற்றினார். சீட்டைப் பைக்கிலிருந்து கழற்றி, மேலே வழிய வழியச் சிமெண்டைப் பூசினார். மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குள் நுழைந்தார்கள். புது வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளை பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான்.

சுடலைமுத்து திகைத்துப்போனார். "என்னவே இது? எங்க வீட்டுல நாற்காலி இல்லன்னா நெனச்சீரு?"

"நாற்காலிங்கிறது ஊருக்குப் பொதுவா செஞ்சது" என்றார் மேஸ்திரி. "இது மாப்பிள்ளை உடம்புக்குன்னே கட்டுனது."

சீட்டைக் கூடத்தின் நடுவில் இறக்கி, நாலு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "உக்காரு" என்றார். திருமேனி பச்சைச் சிமெண்டில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் அசையவில்லை. காப்பி வந்தது, உட்கார்ந்தபடி குடித்தான். பஜ்ஜி வந்தது; உட்கார்ந்தபடி தின்றான். கோமதி வந்து நின்றபோது மட்டும் கண்ணில் தண்ணீர் கட்டியது. அது சந்தோஷத்தில் பாதி, சிமெண்ட் எரிச்சலில் பாதி. சுடலைமுத்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி முடிந்தது. முக்கால் மணி ஆனது. மாப்பிள்ளையிடம் ஒரு நெளிவு இல்லை.

"எந்த மூதியோ இந்தப் பிள்ளயப் பத்தி இல்லாதது பொல்லாததச் சொல்லிருக்கு" என்று எழுந்தார் சுடலைமுத்து. "எனக்குச் சம்மதம். எந்திரிச்சுப் பெரியவங்க கால்ல விழுங்க மாப்ள."

திருமேனி எழப் பார்த்தான். எழ முடியவில்லை. மறுபடி முக்கினான். வேட்டி சீட்டோடு சீட்டாக இறுகிக் கல்லாகியிருந்தது. குப்பமுத்துவும் ரெங்குவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். சீட்டும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது.

அந்த வீட்டில் யோசிக்கத் தெரிந்தவள் கோமதி ஒருத்திதான். "வேட்டிதான ஒட்டியிருக்கு? அப்பா வேட்டி ஒண்ணு தாரேன், அத மேல சுத்திக்கிட்டு இத விட்டுட்டு எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"பொண்ணு பாக்க வந்த வீட்டுல வேட்டிய அவுக்குறதா? செத்தாலும் மாட்டேன்!" என்று அலறினான் திருமேனி.

மேஸ்திரி சிமெண்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் மரியாதையாகச் சொன்னார். "அதில்லம்மா. இப்பப் பிச்சு எடுத்தா வெடிப்பு விழுந்துரும். ஏழு நாள் தண்ணி விட்டாத்தான் கட்டுமானம் நிக்கும். உங்க வீட்டுல குடம் இருக்கா?"

கோமதி அப்பாவைப் பார்த்தாள். கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க வேறு எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. "பக்கத்து வீட்டுச் சரசு மாப்பிள்ளை ஒரு நாளாவது வீட்டுல தங்குதாரா? இவரு தங்குவாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து முதல் தண்ணீரை அவளே ஊற்றினாள்.

ஏழு நாள் சும்மா இருப்பானேன் என்று, வந்த ஐந்தாம் நாளே முகூர்த்தம் வைத்தார்கள். பந்தலைக் கூடத்துக்குள்ளேயே போட்டார்கள். தாலி கட்டுகிறவரை ஒரு குறையும் இல்லை. கட்டி முடிந்ததும் ஐயர், "மாப்பிள்ளையும் பொண்ணும் கையப் பிடிச்சிண்டு அக்கினியை மூணு தரம் வலம் வாங்கோ" என்றார்.

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு ஐயரிடம் கேட்டார். "சாமி, மாப்பிள்ளை அக்கினியச் சுத்துனா என்ன, அக்கினி மாப்பிள்ளையச் சுத்துனா என்ன? ரெண்டும் ஒரே தூரம்தானே?"

ஐயர் மணையை நகர்த்தி வழி விட்டார். குப்பமுத்து அக்கினியைச் சாந்துச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு திருமேனியைச் சுற்றி ஓட, கோமதி புகையில் இருமிக்கொண்டே அவன் பின்னால் ஓட, மேஸ்திரி ஒவ்வொரு சுற்றுக்கும் அவனை நிறுத்தி, சட்டியின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, "நெருப்பு வலது பக்கம் கொஞ்சம் ஏறி நிக்கிது, அமுக்கு" என்றார்.